வலப்பக்கத் தூணில் பிடித்த துரு

சுத்தியலின் மரப்பிடியால் லோரியைத் தட்டிக்கொண்டே வருகிறார் என் வீட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தட்டுகிறார். முன் சக்கரத்துக்கு மேலே டங். கதவில் டங். ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கி நிற்கும் தூணில் தட்டும்போது மட்டும் தொப்பென்று ஒரு சத்தம். அழுகிய பூசணிக்காயைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

"சரசு, இங்க வா. வந்து இதக் கேளு."

நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செதிலோடு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னாத்தக் கேக்குறது? இரும்பு பேசுதா?"

"பேசல. அதான் பயமா இருக்கு."

திருப்புளியை எடுத்துத் தூணின் அடியில் வைத்து லேசாக அழுத்தினார். அது ஈரக் கேக்குக்குள் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. நீலச் சாயம் தோலாக உரிந்து, அதன் பின்னாலிருந்து பழுப்புத் தூள் அவர் காலில் கொட்டியது. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இத்தனை வாரமாகப் பத்திரிகையில் பிறந்த வீட்டைப் பற்றியே எழுதுகிறாயே, கட்டினவரைப் பற்றி எழுத மாட்டாயா என்று இப்போது நாங்கள் குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். எழுதுகிறேன். புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவரும் இதைப் படிப்பார். படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சோறு ஆச்சா என்று கேட்பார்.

கெர்லிங்கிலிருந்து வந்த இன்னொரு மருமகள்

அது எண்பதுகளின் நடுப்பகுதி. பத்தாங் பெர்ஜுந்தைக்கும் கோலா சிலாங்கூருக்கும் இடையில் எங்கள் தோட்டம். ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த பால்மரக் காட்டில் நான் மரம் சீவினேன். அதனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு எங்களிடம் இருந்தது. என் வீட்டுக்காரர் மணியம் செம்பனை ஆலையின் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டு லோரி வாங்கியிருந்தார்.

அந்த லோரியும் என்னைப் போலவே கெர்லிங்கிலிருந்து வந்தது. அங்கே பலகை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினார். அவருக்கு முன்னால் அது யார் யாரிடம் இருந்ததோ தெரியாது. "கெர்லிங் சரக்கு எல்லாமே சத்தம் ஜாஸ்திதான்" என்பார் என் மாமியார், லோரியைப் பார்த்துக்கொண்டு, என் காதில் விழும்படி.

மலாய்க்காரர்களின் கம்பத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை எடுத்து ஆலையில் கொண்டுபோய்ப் போடுவது வேலை. குலைகளிலிருந்து ஒழுகும் சாறு ஒரு பக்கம், கோலா சிலாங்கூர்க் கடல் காற்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இரும்பு என்ன பாடுபடும்! வாரம் தவறாமல் கழுவுவார். நகக்கண்ணில் அழுக்கெடுப்பது போலச் சந்து சந்தாகச் சுரண்டுவார். என் முகத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று நான் சண்டை போட்டதுண்டு.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த லோரியில்தான் இந்தத் துரு. அதுவும் சர்க்காரின் லோரிப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில். பரிசோதனை செய்கிறவர் கையிலும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். பழம் வாங்கும் முதலாளி, எங்கள் தவுக்கே, முன்பே சொல்லிவிட்டார்: "பாஸ் பண்ணு, ஒனக்குத்தான் வேல. பெயிலு, வேற லோரிலா. பழம் காத்திருக்காது மணியம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வெட்டிய குலை கிடந்தால் கெட்டுப்போகும். ஆனால் லோரி நின்றால் எங்களுக்கு என் சீவல் சம்பளம் மட்டும்தான். ஆலையில் விட்டுவந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்து நாளாகிவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இவர் என்னைப் பெண் பார்க்கக் கெர்லிங்குக்கு வந்த அன்று, எங்கள் வீட்டு வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னோம். அதற்கு ஒரு கால் ஆட்டம். வருகிறவர்கள் எல்லாரும் ஆடிக்கொண்டே கோப்பி குடிப்பார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இவர் உட்கார்ந்தார். எழுந்தார். குனிந்து பார்த்தார். பெரியவர்கள் சீர்வரிசை பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வெளியே போய் ஒரு மரச்சில்லைச் செதுக்கிக்கொண்டு வந்து, காலின் மூட்டில் வைத்து அடித்து இறுக்கிவிட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் தூசி. என் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேச்சு வராது போலருக்கு, ஆனா விட்டுட்டுப் போவ மாட்டான்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

தட்டிப் பார்க்கிற பழக்கம் அப்போதே உண்டு. தர்ப்பூசணி, தகர டின், கதவு, சுவர், எதையும் தட்டித்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் தலையையும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்கு" என்றார். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல்.

பவுடர் பூசுகிற வேலை

பத்தாங் பெர்ஜுந்தையில் ஆ செங் என்ற சீனரின் பட்டறை இருந்தது. இவருக்குக் கூட்டாளி. லோரியைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆ செங் தூணைச் சுற்றி வந்து, சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, எங்கள் தமிழிலேயே பேசினார்.

"ஈசிலா. ஓட்டைல தகரம் வை, மேல புட்டிப் பசை அப்பு, தேய், சாயம் அடி. ஒரே நாள். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல" என்றார் இவர்.

"ஒனக்குத் தெரிஞ்சா என்னா? நீயா பரிசோதனை பண்ற?"

"நாந்தான் உள்ள உக்காந்து ஓட்டறேன். அழுகினது மேல பவுடர் பூசுனா அழுகல் நின்னுருமா?"

ஆ செங் சிரித்துவிட்டு, அப்படியானால் நீயே செய்துகொள் என்று கேஸ் வெல்டிங் சாமான்களை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். கடை மூடியிருக்கும் நாள். பின்னால் கிடந்த உடைந்த லோரி ஒன்றிலிருந்து தகடு வெட்டிக்கொள்ளவும் சொன்னார். காசு பேசவே இல்லை. நல்ல மனிதர்.

அந்த ஞாயிறு இவர் வேலை செய்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். இருக்கையைக் கழற்றி வெளியே வைத்தார். துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டினால் போதாதாம். பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிறவரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டுமாம். வெட்ட வெட்ட ஓட்டை பெரிதானது. வந்தபோது விரல் அளவு இருந்தது, இப்போது என் கையே நுழையும் போலிருந்தது.

"போதுங்க. தூணே இல்லாமப் போயிரும்."

"பாதி கெட்டதோட ஒட்டுனா, ஒட்டுனதும் கெட்டுரும் புள்ள."

தூணுக்குள் இருந்தது

தூண் என்றால் உள்ளே கூடு. மடித்த தகடுதான். அடிப்பகுதியைத் திறந்தபோது உள்ளிருந்து ஒரு கட்டி விழுந்தது. அழுக்கு வெள்ளை, ஓரமெல்லாம் பழுப்பு. இவர் சுண்ணாம்பு என்று நினைத்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு."

கட்டியை நான் வாங்கி உடைத்தேன். கல்லுப்பு. நடுநடுவே கடுகு. ஒரு காய்ந்த மிளகாய்க் காம்பு. எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இது யாரு வேலன்னு எனக்குத் தெரியும்!"

"எனக்குந்தான் தெரியும். கத்தாத."

என் மாமியார் அஞ்சலை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும், லோரி வீட்டு வாசலில் வந்து நின்றதும், மகனை லோரிக்குப் பக்கத்தில் நிறுத்தி, உப்பு, மிளகாய், கடுகைக் கையில் வைத்து மூன்று முறை சுற்றிக் கண்ணேறு கழிப்பார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சுற்றிய உப்பு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

விறகடுப்பு இருந்தவரை நெருப்பில் போட்டார். படபடவென்று வெடிக்கும், ஊர்க்கண் வெடித்தது என்று திருப்தியாக இருப்பார். நான் வந்து கேஸ் அடுப்பு வாங்கி வைத்தேன். அதில் போட முடியாது. வெளியே கொட்டலாம் என்றால், சுற்றிய உப்பு யார் காலிலும் மிதிபடக் கூடாது. லயத்தில் கால் படாத இடம் எது? முன்னால் பிள்ளைகள் ஓடும். பின்னால் கோழி, வாத்து. பொதுக் கால்வாயில் போட்டால் உன் மகன் கண்ணேறு என் வீட்டுக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

லோரிக்குள் இருக்கைக்குப் பின்னால், அந்தத் தூணின் மேல்பக்கம் ஒரு துவாரம் இருந்தது. அதை மூடியிருந்த ரப்பர் எப்போதோ விழுந்துவிட்டது. எந்தக் காலும் மிதிக்க முடியாத இடம். மகன் குளிக்கப் போனதும் அத்தை அதற்குள் உப்பைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வாரா வாரம், லோரி வந்த நாள் முதலாக.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஆனாலும் சொல்கிறேன். சாம்பாரில் உப்பு, ரசத்தில் உப்பு என்று வருஷக்கணக்காக என் கை உப்பைக் குறை சொன்னவர் அவர். இப்போது அவர் கை உப்பு என் கையில் கட்டியாக இருந்தது. ஒரு துணியில் முடிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவர் முன்னால் அவிழ்த்து வைக்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

இவர் கையை நீட்டினார். "குடு."

"எதுக்கு?"

"குடு சரசு. அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

மாமனாரின் டிராக்டர்

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். மழை நாளில் டிராக்டர் கால்வாய்க்குள் சரிந்து அவர் மேலேயே விழுந்துவிட்டது. அது ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் வெள்ளி, எதற்கோ புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. கோபத்தில் அத்தை சுற்றிப் போடவில்லை. இதை அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அரிசி புடைத்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல்.

அது என் நினைவுக்கு வந்தது. முடிச்சை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மனமில்லாமல்தான் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றித் தூணின் உள்ளே கழுவினார். நெருப்பைக் காட்டி உலர்த்தினார். பிஸ்கட் அட்டையில் ஓட்டையின் அளவை வரைந்து, தகட்டை அதேபோல் வெட்டி, பழைய தண்டவாளத் துண்டின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார். பொருத்திப் பார்த்தார், எடுத்தார், மறுபடி தட்டினார். கடைசியில் அது சாவி பூட்டுக்குள் போவது போலப் போய் உட்கார்ந்தது.

ஒட்டும்போது இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று வைத்தார். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளுமாம். ஈரச் சாக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. வெல்டிங் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. ஆடவே ஆடாத கை. அந்தக் கையைக் கட்டிக்கொண்டோமே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ராவி, சிவப்புப் பூச்சு அடித்து, நீலச் சாயம் ஏற்றி முடித்தபோது, எங்கே ஒட்டினார் என்று தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அடியில் தண்ணீர் வடிய வழி விட்டார். மேல் துவாரத்தைத் தகடு வைத்து ஒட்டி மூடினார்.

"அதான் மூடிட்டீங்களே. வெள்ளிக்கெழம எங்க போடுவாங்க?"

"மொதல்ல பரிசோதனை முடியட்டும்" என்றார். அவர் தட்டினார். இப்போது டங் என்றது.

கருவாடு

பரிசோதனைக்குப் போகும்போது அத்தையும் வருகிறேன் என்றார். நல்ல காரியத்துக்கு நான் வராமலா என்று நெற்றி நிறையத் திருநீறோடு முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம்?

பரிசோதித்தவர் வயதான மலாய்க்காரர். அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகத் தட்டினார். பிரேக், விளக்கு, சட்டம், பலகை. எல்லாம் சரி. வலப்பக்கத் தூணுக்கு வந்தார். தட்டினார். இடப்பக்கத் தூணுக்குப் போய்த் தட்டினார். மறுபடி வலப்பக்கம் வந்தார். இருக்கையின் பின்னால் கையை விட்டு அந்தப் புதுத் தகட்டைத் தடவினார்.

"நல்ல வேலை. யார் செய்தது?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான், துவான்" என்றார் இவர் மரியாதையாக.

"மழைத் தண்ணீர் என்றால் இரண்டு பக்கமும் அரிக்க வேண்டுமே. ஏன் ஒரு பக்கம் மட்டும்?" கேட்டுக்கொண்டே, இருக்கைக்கு அடியில் ஒரு சந்திலிருந்து எதையோ நகத்தால் சுரண்டி எடுத்தார். உற்றுப் பார்த்தார். எவ்வளவு கழுவினாலும் எங்கோ ஒரு கல் தங்கிவிட்டிருக்கிறது. "உப்பா? என்ன ஏற்றினாய்?"

இவர் சட்டென்று சொன்னார். "இக்கான் மாசின், துவான்."

கருவாடு! எங்கள் லோரியில் கருவாடு ஏறியதே இல்லை. அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காது மடல் சிவந்துவிட்டது.

"இனிமேல் ஏற்றாதே" என்றார் அந்த மனிதர் பொறுமையாக. "லோரி கவிழ்ந்தால் உன் தலைக்கு மேல் கூரையைத் தாங்குவது இந்தத் தூண்தான். இது போயிருந்தால் நீ போயிருப்பாய்."

பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தை எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தில் கீரை விற்று வளர்ந்தவர், மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி

தவுக்கே வேலையைத் தொடர்ந்து கொடுத்தார். வீட்டில்தான் நிம்மதி இல்லை. அத்தை சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். என் ரசத்தில் குறை கண்டுபிடிக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோரி வந்து நின்றது. இவர் இறங்கி, வழக்கமான இடத்தில் நின்றார். அத்தை வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். குளித்துவிட்டுச் சாப்பிட வாங்க என்று இவரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இவரே உள்ளே வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"சுத்திப் போட வாம்மா."

"நான் வரல. இந்தக் கைய வெட்டிப் போடணும்."

"அதான் கருவாடு ஏத்துனேன்னு சொன்னேனே..."

"எந்தக் கருவாடுடா? என்னக்கி ஏத்துன?" அத்தை திரும்பாமலே பேசினார். "ஒங்கப்பனுக்குச் சுத்தாம விட்டேன், போயிட்டாரு. ஒனக்குச் சுத்திச் சுத்தி ஒன் தலைக்கு மேல நிக்கிற தூணையே அரிச்சிட்டேன். சுத்துனாலும் கொல்றேன், சுத்தலன்னாலும் கொல்றேன். நான் என்னாடா செய்றது?"

இவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூணு கெட்டா நான் ஒட்டிருவேன்மா. நீ சுத்தாம விட்டா, நாளைக்கு நான் லோரி எடுத்துட்டுப் போயித் திரும்பி வர்ற வரைக்கும் நீ செத்துச் செத்துப் பொழைப்ப. அத நான் எத வச்சி ஒட்டுறது?"

அத்தை அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு இவர் லோரிக்குப் போய்ப் பெரிய ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடிப் புட்டி, பிளாஸ்டிக் மூடி. இருக்கைக்குப் பின்னால் அதை மாட்டிவைக்கக் கம்பியில் ஒரு வளையமும் செய்து வைத்திருந்தார்.

"இனிமே இதுல போடு. கோலா சிலாங்கூர்ப் பக்கம் போறப்ப ஆத்துல கரைச்சிர்றேன். அங்க யாரு காலும் படாது."

அத்தை புட்டியைப் பார்த்தார். "நீ மறந்துருவ."

"மறக்க மாட்டாரு அத்தை" என்றேன் நான். "நான் ஞாபகப்படுத்தறேன்."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டார்.

சுற்றிப் போடுகிற உப்பை அதுவரை அவர் கையால்தான் எடுப்பார். மருமகள் கை பட விட்டதே இல்லை.

"என்னா நின்னுக்கிட்டு இருக்க?" என்றார் என்னிடம். "போயி உப்ப எடுத்துட்டு வா."